ரிங்லெட் எத்தனை கட்டம்?

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் பழைய சாலையில் போனால் கேமரன் மலையில் முதலில் வரும் ஊர் ரிங்லெட். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஊர்ப் பெயரை உரோமன் எழுத்தில் எழுதினால் 7 எழுத்து. கணினியின் நினைவகத்தில் 7 பைட்டு. திரையில் 7 கட்டம். எப்படி எண்ணினாலும் ஏழுதான்.

அதையே தமிழில் எழுதி எண்ணிப் பாருங்கள். ரி, ங், லெ, ட் என்று தமிழ்ப்பள்ளிப் பிள்ளை விரல்விட்டு எண்ணினால் 4. யூனிகோடு குறியெண்களை எண்ணினால் 8. யுடிஎஃப்-8 கோப்பில் அது பிடிக்கும் இடம் 24 பைட்டு. லினக்ஸ் கணினியிடம் இதற்குத் திரையில் எத்தனை கட்டம் வேண்டும் என்று கேட்டால், 6 என்கிறது. ஒரே பெயருக்கு நாலு நீளம், நாலும் சரியான விடைதான்.

சி மொழியில் எழுதுகிறவர்கள் அன்றாடம் புழங்கும் பிரிண்ட்எஃப், ஸ்கேன்எஃப் என்ற இரண்டு சார்புகளின் கதையை இந்த நாலு நீளத்தை வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம். அவை பிறந்த ஊரில் இந்த நாலும் ஒன்றாக இருந்தன. பின்னால் ஒவ்வொன்றாகப் பிரிந்து போயின.

பிரிண்ட்எஃபுக்கு வேலை பட்டியல் அடிப்பது. தோட்ட அலுவலகத்துச் செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள்: இடது ஓரத்தில் ஆள் பெயர், அடுத்து வேலை நாள், அதற்கடுத்து கொழுந்தின் கிலோ. பெயர் நீளமோ குட்டையோ, கிலோ எல்லா வரியிலும் ஒரே நேர்கோட்டில் விழவேண்டும். அதற்காகத்தான் பிரிண்ட்எஃபில் ‘%-20எஸ்’ என்று எழுதுகிறோம். பெயரை இடப்பக்கம் ஒட்டி அடி, 20 நிரம்பாவிட்டால் மீதியை வெற்றிடத்தால் நிரப்பு என்று பொருள். 20 என்ன? அங்கேதான் கதை.

அந்த எண்ணின் பூர்வீகம் துளை அட்டை. ஐபிஎம் 1928இல் கொண்டுவந்த அட்டையில் 80 கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து. 1957இல் ஜான் பேக்கஸ் குழு வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் சொற்களை அச்சிட வேண்டுமானால், எத்தனை எழுத்து என்று நிரலர் தாமே எண்ணி முன்னால் எழுதவேண்டும். ரிங்லெட் என்று ஆங்கிலத்தில் அடிக்க முதலில் 7, பிறகு ‘எச்’, அதன் பிறகே சொல். அந்த ‘எச்’ துளை அட்டையைக் கொண்டுவந்த ஹெர்மன் ஹாலரித்தின் முதலெழுத்து. ஒன்று தவறி 6 என்று எண்ணிவிட்டால் கடைசி எழுத்து அனாதையாகி நிரலையே குழப்பும். எண்ணும் வேலை மனிதன் தலையில் இருந்த காலம் அது.

அடுத்து மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1960களில் உருவாக்கிய பிசிபிஎல் மொழி. அதிலிருந்த ரைட்எஃப் என்ற சார்பில், அச்சிடவேண்டிய சொற்றொடருக்குள்ளேயே விழுக்காட்டுக் குறி வைத்து ‘இங்கே எண் வரட்டும், இங்கே சொல் வரட்டும்’ என்று இடம் குறிக்கலாம். பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் பிசிபிஎல்லைச் சுருக்கி ‘பி’ என்ற மொழியைச் செய்தார். பி மொழியிலேயே பிரிண்ட்எஃப் வந்துவிட்டது. பிடிபி-11 கணினி வந்தபோது அதில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி இருந்தது. அதற்குத் தோதாக டென்னிஸ் ரிட்சி ‘பி’யை வளர்த்து ‘சி’ ஆக்கும்போது எழுத்துக்கென்று ஒரு வகை வைத்தார். அதன் அளவு ஒரு பைட்டு. மைக் லெஸ்க் 1972இல் எழுதிய உள்ளீட்டு வெளியீட்டுத் தொகுப்பு பின்னால் திருத்தப்பட்டு சி மொழியின் நிலையான நூலகமானது. 1978இல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய புத்தகம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது.

ஆக, எழுத்து என்றால் பைட்டு, பைட்டு என்றால் கட்டம். இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. எழுதவேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை. கொழுந்துக் கூடையைத் தராசில் போடும் கிராணி இலையை எண்ணுவதில்லை, எடையைத்தான் குறித்துக்கொள்கிறார். பிரிண்ட்எஃபும் அன்றிலிருந்து இன்றுவரை பைட்டை நிறுத்துப் பார்க்கிறதே தவிர எழுத்தை எண்ணுவதில்லை.

ஆங்கிலம் தெரியாத பைட்டுகளோடு வந்து அதனோடு முதலில் சண்டை போட்டவர்கள் ஜப்பானியர்கள். ஷிஃப்ட்-ஜேஐஎஸ் என்ற அவர்களுடைய குறிமுறையில் ஓர் எழுத்துக்குப் பெரும்பாலும் இரண்டு பைட்டு. சில எழுத்துகளின் இரண்டாம் பைட்டு 92. சி மொழியில் 92 என்பது பின்சாய்வுக் கோடு, ஏதோ சிறப்புக் குறி வருகிறது என்பதற்கு அடையாளம். ஓர் எழுத்தின் பின்பாதியைக் கட்டளை என்று கணினி எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்! 1989இல் வந்த முதல் சி தரத்தில் பலபைட்டு எழுத்துக்கும், ‘அகல எழுத்து’ என்ற புதிய வகைக்கும் இடம் கொடுத்தார்கள். 1995இல் வந்த முதல் திருத்தத்தில் டபிள்யூபிரிண்ட்எஃப், டபிள்யூஸ்கேன்எஃப் என்று ஒரு தனிக் குடும்பமே சேர்ந்தது. இந்தக் குடும்பம் எண்ணுவது பைட்டை விட்டு அகல எழுத்தை.

நல்ல ஏற்பாடு மாதிரிதான் தெரியும், பயன்படுத்தும்வரை. ஒரு ஸ்ட்ரீமில், அதாவது வெளியீடு போகும் பாதையில், முதல் தடவை டபிள்யூபிரிண்ட்எஃப் கொண்டு அச்சிட்டுவிட்டால் அது அகல ஸ்ட்ரீம் ஆகிவிடும். அதற்குப் பிறகு அதே ஸ்ட்ரீமில் சாதா பிரிண்ட்எஃபைப் பயன்படுத்தக்கூடாது. செட்லோகேல் என்ற சார்பை முதலில் அழைக்க மறந்துவிட்டால், நிரல் ‘சி’ என்ற வறட்டு வட்டாரத்தில் ஓடும். லினக்ஸில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். சாதா பிரிண்ட்எஃபுக்கு ‘%எல்எஸ்’ கொடுத்து அகலச் சொல்லை அனுப்பினால் -1 என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போதாக்குறைக்கு, மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிரிண்ட்எஃபில் ‘%எஸ்’ என்றாலே அகலச் சொல் என்று பொருள், தரத்திலோ குறுகிய சொல். விண்டோஸில் அகல எழுத்து 16 பிட், லினக்ஸில் 32. இரண்டிலும் ஓடவேண்டிய நிரலை அகலக் குடும்பத்தை நம்பி எழுதியவர்கள் பட்ட பாட்டைத் தனிக் கட்டுரையாக எழுதலாம்.

இதெல்லாம் நடந்த காலத்தில் தமிழ் எங்கே இருந்தது? மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியிருந்தார். சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் முறையை உருவாக்கினார். அன்றைய தமிழ் எழுத்துருக்களில் ஒரு பைட்டுக்கு ஒரு வடிவம்: கொம்பு ஒரு பைட்டு, புள்ளி வைத்த மெய் ஒரு பைட்டு, கு ஒரு பைட்டு. வடிவங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே நினைவகத்திலும் இருக்கும். ஆளுக்கொரு குறிமுறை இருந்த குழப்பத்தைத் தீர்க்க, பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் வாதாடி வாதாடி டிஸ்கி என்ற பொதுக் குறிமுறையைக் கொண்டுவந்தார்கள்.

டிஸ்கியில் ரிங்லெட் 6 பைட்டு: ர, அதன் விசிறி, ங், கொம்பு, ல, ட். பிரிண்ட்எஃபுக்கு இது சொந்த வீடு மாதிரி. 6 பைட்டு, 6 வடிவம், ஏறக்குறைய 6 கட்டம். பட்டியல் ஓரளவு நேராக விழும். நான்கு பைட்டோடு வெட்டினால் மட்டும் அசிங்கம்: கொம்பு தனியாகத் தொங்கும், அது எந்த எழுத்துக்கு உரியதோ அந்த ல காணாமல் போயிருக்கும். டிஸ்கியைப் பழிப்பவர்கள் உண்டு. எனக்கு அதன்மேல் மரியாதைதான். உலகம் தமிழுக்கு ஒதுக்கிய இடம் புழக்கத்துக்கு வரும்வரை காத்திருக்காமல் தாங்களே 128 கட்டங்களுக்குள் வீடு கட்டிக்கொண்ட கெட்டிக்காரத்தனம் அது.

உலகம் அந்த இடத்தை ஒதுக்கியது டிஸ்கிக்கு முன்பே, 1991 அக்டோபரில், யூனிகோட்டின் முதல் பதிப்பில். இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறிமுறையின் 1988ஆம் ஆண்டு அமைப்பை அடியொற்றித் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். க என்பது 2965. க, ல போன்ற அகர எழுத்துகளைத் தவிர மற்ற உயிர்மெய்க்குத் தனி இடம் கிடையாது. அகர எழுத்தின் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வரும். லெ என்றால் முதலில் ல, பிறகு கொம்பு. திரையில்தான் கொம்பு முன்னால் போகும். ரிங்லெட்டில் 8 குறியெண்கள் வந்தது இப்படித்தான்.

பிறகு வந்தது 24. 1992 செப்டம்பர் 2, புதன்கிழமை இரவு. நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடை. கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக மாற்ற எக்ஸ்/ஓப்பன் குழு ஒரு திட்டத்தைப் பரிசீலித்துக்கொண்டிருந்தது. அதைவிடச் சிறந்த ஒன்றைத் தாம்ப்சன் சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த காகிதத்திலேயே வரைந்தார். சில நாள்களில் அவர்களுடைய பிளான் 9 இயங்குதளம் முழுக்க அதில் ஓடியது. அதுதான் யுடிஎஃப்-8. 1993 ஜனவரியில் சான் டியாகோவில் நடந்த யூஸ்நிக்ஸ் மாநாட்டில் அதை அறிவித்த கட்டுரையின் தலைப்பு கிரேக்கத்திலும் ஜப்பானியத்திலும் உலகத்துக்கு வணக்கம் சொன்னது. தமிழ் மாதிரி ஒட்டெழுத்து மொழி ஒன்றைத் தலைப்பில் சேர்த்திருந்தால் பின்னால் பலருக்குப் பாடமாக இருந்திருக்கும்.

அந்தக் காகித விரிப்பில் இருந்த புத்திசாலித்தனம் இது. 127 வரையுள்ள பழைய எழுத்துகள் அப்படியே ஒரு பைட்டு. மற்ற எந்த எழுத்தானாலும் அதன் எல்லாப் பைட்டும் 127க்கு மேல். 2047 வரையுள்ள எண்களுக்கு 2 பைட்டு, அதற்குமேல் 65535 வரை 3 பைட்டு. மலாய்க்காரர்களின் ஜாவி அரபு எழுத்தென்பதால் 2 பைட்டுக்குள் அடங்கியது. தமிழ் 2944இல் தொடங்குவதால் 3. க என்பது 224, 174, 149.

இப்போது பிரிண்ட்எஃபை நினைத்துப் பாருங்கள். அது தேடுவது இரண்டைத்தான்: விழுக்காட்டுக் குறியான 37, சொல் முடிந்ததென்று காட்டும் 0. தமிழ் எழுத்துக்குள் இந்த இரண்டு எண்ணும் வரவே வராது. ஜப்பானியரைப் படுத்திய 92உம் வராது. எனவே 1970களில் தமிழைப் பற்றி ஒன்றுமே அறியாமல் எழுதப்பட்ட சார்பு, ஒரு வரிகூட மாறாமல் தமிழைத் தூக்கிக்கொண்டு போய்த் திரையில் சேர்த்தது. ‘வணக்கம்’ என்று எழுதி பிரிண்ட்எஃபில் கொடுத்தால் வணக்கம் என்றே வருகிறது. அகல எழுத்துக் குடும்பத்தின் கெடுபிடி எதுவும் வேண்டாம். அந்தக் குடும்பத்தை இன்று ஆள் சீந்தாமல் போனதற்கும் இதுதான் காரணம்.

எண்ண வேண்டாதவரை எல்லாம் சரி. எண்ணச் சொன்னால் சாயம் வெளுக்கும். ‘%-20எஸ்’ என்று ரிங்லெட்டைக் கொடுங்கள். 24 பைட்டு ஏற்கனவே 20ஐத் தாண்டிவிட்டது, ஒரு வெற்றிடமும் விழாது. அடுத்த வரியில் வேலு என்ற பெயர் 12 பைட்டு, அதற்கு 8 வெற்றிடம். கிலோ கணக்கு ஏணிப்படியில் இறங்கியதுபோல் கோணலாக நிற்கும். ‘%.10எஸ்’ என்று வெட்டச் சொன்னால் 9 பைட்டில் ‘ரிங’ வரை வந்து, அடுத்த புள்ளியின் மூன்று பைட்டில் ஒன்றை மட்டும் பிய்த்துப் போடும். திரையில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. ‘%.10எல்எஸ்’ கொஞ்சம் நாகரிகமானது, எழுத்தின் பைட்டுகளைப் பாதியில் உடைக்காது. ஆனால் அதிலும் ‘ரிங’தான், ங்-இன் புள்ளி போயே போய்விடும்.

தட்டுவதை வாங்கும் பக்கம் இன்னும் மோசம். ஸ்கேன்எஃபுக்கு 20 பைட்டு இடம் ஒதுக்கி ‘%19எஸ்’ என்று எச்சரிக்கையாகவே எழுதியிருக்கிறீர்கள். யாரோ மாரியம்மா என்று தட்டுகிறார். ஐந்தே எழுத்து. பைட்டோ 27. ‘மாரியம’ வரை வந்து, அடுத்த புள்ளியில் ஒரு பைட்டைக் கடித்துக்கொண்டு நிற்கும். மிச்சம் வரிசையிலேயே கிடக்கும். அடுத்து கிலோவைப் படிக்க வரும் ‘%டி’ எண்ணுக்குப் பதிலாக அந்த எச்சத்தில் முட்டிக்கொண்டு ஒன்றும் வாங்காமல் திரும்பும். அதற்குப் பின் வருவதெல்லாம் கோளாறு.

இன்னொரு வேடிக்கை. அ என்ற எழுத்தின் பைட்டுகள் 224, 174, 133. பழைய ஐரோப்பியக் குறிமுறைகளில் 133 என்பது ‘அடுத்த வரி’. மேக் கணினியின் ஐஸ்பேஸ் சார்பு யுடிஎஃப்-8 சூழலிலும் 133ஐ வெற்றிடம் என்றே சொல்லிவந்தது. அந்தச் சார்பை நம்பி பைட்டு பைட்டாகச் சொல் பிரிக்கும் நிரலுக்கு அகரமே கடைசிப் பைட்டில் ஓட்டை விழுந்த எழுத்து.

‘எழுத்துக்கு ஓர் இடம் கொடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை’ என்று சொன்னவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். 247 எழுத்துக்கும் தனித்தனிக் குறியெண் கொடுக்கும் டேஸ்-16 முறையை 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோட்டோடு சேர்த்து மாற்றுத் தரமாக அறிவித்தது. அதில் ரிங்லெட் 4 குறியெண்தான். எண்ணுவதற்கும் அகரவரிசைப்படுத்துவதற்கும் அது சுகம், மறுக்க முடியாது. பிரிண்ட்எஃபின் பட்டியலை மட்டும் அது நேராக்கியிருக்காது. யுடிஎஃப்-8 கோப்பில் அந்த 4 குறியெண் 12 பைட்டாகும், பிரிண்ட்எஃப் 12 என்றே எண்ணும். அகலக் குடும்பத்தில் போட்டால் 4 வரும், ஆனால் லெ பிடிக்கும் அகலமும் ட் பிடிக்கும் அகலமும் ஒன்றா? சீனத்தில் ரிங்லெட்டுக்கு இரண்டே எழுத்து: 2 குறியெண், 6 பைட்டு, 4 கட்டம். அங்கே எல்லா எழுத்தும் ஒரே அகலம், இரட்டைக் கட்டம். தமிழில் அந்த ஒழுங்கு அச்சுக் காலத்திலிருந்தே இல்லை.

ராப் பைக் பின்னாளில் கூகுளில் கோ மொழியைச் செய்தபோது அதன் பிரிண்ட்எஃப் பைட்டை எண்ணாமல் குறியெண்ணை எண்ணும்படி வைத்தார்கள். சி மொழியிலிருந்து இந்த இடத்தில் வேறுபடுகிறோம் என்று கோ மொழியின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. பைத்தானிலும் அப்படித்தான். இரண்டிலும் ரிங்லெட் 8. முன்னைக்குத் தேவலாம், பட்டியல் இன்னும் கோணல்தான்.

கட்டத்தை எண்ணுவதற்கென்று யூனிக்ஸ் உலகில் டபிள்யூசிவிட்த் என்று ஒரு சார்பு இருக்கிறது. கேம்பிரிட்ஜில் மார்க்கஸ் கூன் எழுதி வெளியிட்ட அதன் வடிவம் பலராலும் எடுத்தாளப்பட்டது. இது யூனிகோடு அட்டவணையைப் பார்த்து, இடம் பிடிக்காத குறிக்கு 0, இடம் பிடிக்கும் குறிக்கு 1 என்று போடும். புள்ளிக்கு 0. சரி. அட்டவணையில் ‘ி’ இடம் பிடிக்கும் குறி, ‘ீ’ இடம் பிடிக்காத குறி. ஆகவே கி என்ற குறிலுக்கு 2 கட்டம், கீ என்ற நெடிலுக்கு 1! தொல்காப்பியர் கேட்டால் சிரிப்பாரா கோபிப்பாரா தெரியவில்லை. ரிங்லெட்டுக்கு இப்படிக் கூட்டினால்தான் 6. பைத்தானுக்கான இதே பெயருள்ள நூலகம் பின்னாளில் ஒரு பதிப்பில் உயிர்க்குறிகளின் அகலத்தைப் பூஜ்யமாக்கியது. அதன்படி 4. தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் விடைக்கே சுற்றி வந்திருக்கிறார்கள், ஆனால் எல்லாத் திரைகளும் அவர்களோடு சேர்ந்து வரவில்லை.

சி மொழி இதற்கிடையில் சும்மா இருக்கவில்லை. 2011ஆம் ஆண்டுத் தரத்தில் யுடிஎஃப்-8 சொற்களை நிரலுக்குள்ளேயே குறிக்கும் முறை வந்தது, அடுத்த பெரிய தரத்தில் அதற்கென்று தனி வகையும் வந்தது. பிரிண்ட்எஃபின் எண்ணும் முறையில் யாரும் கை வைக்கவில்லை. வைக்கவும் மாட்டார்கள். பைட்டை எண்ணும் என்று நம்பி ஐம்பது ஆண்டுகளாக எழுதிய நிரல்கள் உலகில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே சி மொழியில் தமிழ்ப் பட்டியல் அடிக்கிறவர்கள் பிரிண்ட்எஃபின் நட்சத்திரக் குறியைப் பிடித்துக்கொள்கிறார்கள். ‘%-*எஸ்’ என்று எழுதினால் அகலத்தை நிரலில் நிலையாக எழுதாமல் ஒவ்வொரு பெயருக்கும் தனியாகக் கணக்கிட்டுக் கொடுக்கலாம். வேண்டிய கட்டத்தோடு பைட்டைக் கூட்டி, அந்தப் பெயர் திரையில் பிடிக்கும் கட்டத்தைக் கழிக்கவேண்டும். ரிங்லெட்டுக்கு 20 + 24 - 6 = 38. பிரிண்ட்எஃப் 38இலிருந்து 24 பைட்டைக் கழித்து 14 வெற்றிடம் விடும். 6உம் 14உம் 20. வேலுவுக்கு 12 பைட்டு, 4 கட்டம், கொடுக்கவேண்டியது 28. கிலோ நேர்கோட்டில் விழுந்துவிடும். உயிர்க்குறிக்கு இடம் தராத திரையாக இருந்தால் ரிங்லெட்டுக்கு 40, வேலுவுக்கு 30. எந்தத் திரை எந்தக் கணக்குப் போடும் என்று கேட்டுச் சொல்ல சி நூலகத்தில் சார்பு கிடையாது. கி, கீ இரண்டையும் அடுத்தடுத்த வரியில் அடித்து, பின்னால் ஒரு கோடு போட்டு, கோடு விலகுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.